அம்மாவின் கைக்கு அடங்காத பலகை

உங்கள் அம்மா வேலையை விடப்போகிறார் என்ற செய்தி உங்கள் இரண்டு பேருக்கும் எட்டியபோது அது முடிந்துபோன கதையாகிவிட்டது. மூத்தவள் கம்பஸில் இருந்து தொலைபேசியில் அழைத்து, "ஏனப்பா எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று சண்டை பிடித்தாள். இளையவள் நெல்லியடியில் சின்னம்மா வீட்டில் நின்று படிப்பதால், சின்னம்மாவின் வாயால் வந்ததைக் கேட்டுப் பாதியைக் கூட்டியும் பாதியைக் குறைத்தும் வைத்திருக்கிறாள். அம்மாவிடம் கேட்டால் சிரித்துவிட்டு, "கொப்பரைக் கேளுங்கோ, அவருக்குத்தான் வடிவாத் தெரியும்" என்று என் பக்கம் கையைக் காட்டுகிறார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது போகப்போக விளங்கும்.

எனக்கு எழுத்து வேலை பழக்கமில்லை. அச்சுவேலியில் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிற கடையில், எந்தப் பம்ப் யாருடையது என்று துண்டு எழுதிக் கட்டுவதோடு என் எழுத்து முடிந்துவிடும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் இரண்டு முறையும் என்னைக் கைவிட்டது. "கணித ரீச்சரைக் கலியாணம் கட்டி மூண்டாம் முறை எழுதினவர்" என்று உங்கள் மாமா இன்றைக்கும் பகிடி பண்ணுவார். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அம்மா புதிய கருவிகளைக் கண்டு பயப்படுகிறவர் அல்லர். கொரோனா நேரம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். குசினிக் கதவின் பின்பக்கத்துக்கு நான் கரும்பலகைப் பெயின்ற் அடித்துக் கொடுத்தேன். அம்மா அதில் எழுதிப் படிப்பிப்பார், நான் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கை கொஞ்சம் ஆடினாலும், "பிள்ளையளுக்குத் தலை சுத்தப் போகுது, நேரே பிடியுங்கோ" என்பார். பின்னக் கணக்கு எனக்கு ஒழுங்காக விளங்கியது அந்தக் கதவடியில்தான். ஒருநாள் என்னை மறந்து, "ஓ, உதுக்குத்தானோ பகுதியளைச் சமப்படுத்துறது!" என்று வாய்விட்டேன். அது முழு வகுப்பின் வீடுகளுக்கும் கேட்டுவிட்டது. அதன் பிறகு மரக்கறி வாங்கப் போகும் இடமெல்லாம், "அண்ணை, பின்னம் விளங்கிச்சுதோ?" என்றுதான் விசாரிப்பு.

அந்த நாட்களோடு ஆசிரியருக்கென்று இருந்த நேரமும் போய்விட்டது. அதற்கு முதல் மணி அடித்தால் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவார். பிறகு பள்ளிக்கூடமும் சேர்ந்து வீட்டுக்கு வரத் தொடங்கியது. விடிய ஐந்து மணிக்கு ஒரு தாய் கைபேசியில் குரல்பதிவு அனுப்புவார்: "ரீச்சர், மூண்டாம் கணக்கு என்னெண்டு செய்யிறது? இவன் அழுறான்." அம்மா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே பதில் சொல்லுவார். களைப்பு இருந்தது. இயலாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஸ்மார்ட் போர்ட் பள்ளிக்கூடத்துக்கு வந்தது சென்ற வருடம். கனடாவில் இருக்கிற பழைய மாணவர்கள் சேர்ந்து அனுப்பியது. ஒன்பதாம் வகுப்பறையின் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிற பெரிய தொலைக்காட்சி மாதிரி ஒன்று. சுற்றிவரக் கறுப்புச் சட்டம். விரலால் கண்ணாடியில் எழுதலாம், அழிக்கலாம், படங்களைப் பிடித்து உருட்டலாம். பள்ளிக்கூட அதிபர் நாடா வெட்டிய அன்றே, "கண்ணாடியிலை ஒருத்தரும் தேவையில்லாமல் கை வைக்கப்படாது" என்று சட்டம் போட்டார். தெல்லிப்பழையில் இருந்து வருகிற கொம்பியூட்டர் ரீச்சர், வயதில் நம் மூத்தவளைவிடக் கொஞ்சம்தான் கூட, எல்லா ஆசிரியர்களையும் இருத்தி ஒருநாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்.

அம்மா வீட்டிலே சாப்பாட்டு மேசை விரிப்பில் விரலால் கீறிக் கீறிப் பழகினார். இருபத்தெட்டு வருடமாக உருளையின் பரப்பளவைப் படிப்பிக்க என் கடையிலிருந்து பழைய குழாய்த் துண்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கடதாசி சுற்றிக் காட்டுகிறவர், ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார்: "இண்டைக்கு உருளை தானா விரிஞ்சு செவ்வகமாப் படுத்திட்டுதப்பா! பிள்ளையள் கை தட்டிச்சினம்."

"அப்ப என்ரை குழாய் இனி வேண்டாமோ?"

"அதுவும் வேணும். தொட்டுப் பாக்க வேணுமெல்லோ."

மற்ற ஆசிரியர்கள் போர்டில் காணொளி போட்டுவிட்டுக் கதிரையில் இருந்துகொள்வார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவரவர் பாடம் அப்படி. கண்ணாடியில் தொட்டு எழுதிப் படிப்பித்தவர் அம்மா ஒருவர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒக்டோபரில் சரஸ்வதிக்கு எடுக்கிற வாணி விழா வந்தது. வருடா வருடம் போல நானும் மின்குமிழ் கட்டிக் கொடுக்கப் போனேன். வகுப்பறைகள் கழுவி, மாவிலை கட்டி, அவலும் கடலையும் படைத்து, அழகான விழா. பூசை முடிய, கற்கிற பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கச் சொன்னார் அதிபர். பள்ளிக்கூட மணி, விஞ்ஞானகூடத் தராசு, கணினிகள், போர்ட் என்று ஒன்றும் விடாமல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. விடுமுறை கழிந்து பாடம் தொடங்கியது.

அன்றிலிருந்து அம்மாவுக்குப் போர்ட் அடங்கவில்லை.

அம்மா ஒரு கோடு கீறினால் அது பாதியில் விலகி ஓடும். எட்டு எழுதினால் எட்டின் வயிற்றிலிருந்து ஒரு வால் கிளம்பி எங்கோ போகும். தொடாமலே ஒரு புள்ளி வந்து விழும். பிள்ளைகள் முதல்நாள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் பொத்தவில்லை. சமூகக்கல்வி மாஸ்ரர் வந்து காணொளி போட்டுப் பார்த்தார், படம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. "எனக்குச் சரியா வேலை செய்யுது ரீச்சர். உங்கடை கையிலைதான் ஏதோ கரண்ட் ஓடுது" என்று பகிடி விட்டார். பகிடிதான். ஆனால் அம்மா வீட்டுக்கு வந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சோக்குக்கட்டி பிடித்துக் காய்ந்த விரல்கள் என்று நினைத்து வெந்நீரில் கழுவினார். கிறீம் பூசினார். பாடத்துக்கு முதல் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு போனார். ஒன்றும் சரிவரவில்லை.

அதிபர் அறிவித்து, போர்டைச் சுவரில் பூட்டிக் கொடுத்த கொம்பனியிலிருந்து ஒரு தம்பி வந்தான். நல்ல பிள்ளை. வேலை தொடங்க முதல் சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பின்பக்கத்தைத் திறந்தான் என்று அம்மா சொன்னார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினான். அன்று ஒரு மணித்தியாலம் நன்றாக நின்றது. மறுநாள் பழையபடி. திரும்ப அழைத்தபோது, "போட்டிலை பிழையில்லை. ரீச்சர் கொஞ்சம் கூடுதலா அழுத்துறா போலை, மெல்லமாத் தொடச் சொல்லுங்கோ" என்றானாம்.

பிள்ளைகளே, ஒரு மனிசியின் கையில்தான் பிழை என்று அவரையே நம்பவைக்க இவ்வளவும் போதுமாயிருந்தது. ஒருவரும் ஏசவில்லை, ஒருவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மூன்று கிழமையில் அம்மா போர்டுக்குப் பக்கத்தில் போகாமல் பழைய கரும்பலகைக்குத் திரும்பிவிட்டார். அதுவும் அவருக்குக் கசந்தது. கரும்பலகையில் கீறும்போதெல்லாம் பிள்ளைகளின் கண் பக்கத்துப் போர்டில் இருக்கிறதாம்.

அந்த நேரம் பார்த்துக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து போர்டில் ஒரு கணித பாடத்தைப் பார்க்கப் போகிறார்கள் என்ற அறிவித்தல் வந்தது. அதிபர் அம்மாவை அறைக்குக் கூப்பிட்டு, மனம் நோகாமல் கேட்க நினைத்து, "அண்டைக்கு மட்டும் பாடத்தைக் கொம்பியூட்டர் ரீச்சரை எடுக்கச் சொல்லுவமோ, ரீச்சர்?" என்று கேட்டிருக்கிறார். அம்மா "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் குசினியில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "நான் நிண்டுபோடலாம் எண்டு யோசிக்கிறன்."

"எங்கை?"

"வேலையிலையிருந்து. ஐம்பத்தைஞ்சு முடிஞ்சுதுதானே, விரும்பினால் பென்சன் எடுக்கலாம். கடிதமும் எழுதிப்போட்டன்."

நானும் பக்கத்தில் குந்தினேன். பிறகு, "உமக்கு என்ன, உடம்புக்கு வருத்தமே?" என்றேன்.

"வருத்தம் ஒண்டுமில்லை. அந்தப் பலகை என்னை வேண்டாமெண்டுது. பிள்ளையளும் பாவமெல்லோ. கை பழகின இளம் ஆக்களிட்டைப் படிக்கட்டும்."

"பலகை என்ன உம்மடை மாமியே, வேணும் வேண்டாம் எண்டு சொல்ல?"

அதற்கு அம்மா சிரிக்கவில்லை. முருங்கையிலைக் காம்புகளை ஒன்றொன்றாக அடுக்கி வைத்தார். இருபத்தெட்டு வருடமும் ஞாயிறு பின்னேரமே அடுத்த நாள் பாடத்துக்குக் குறிப்பு எழுதுகிறவர், அந்த ஞாயிறு எழுதவில்லை. அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது. அம்மா வீட்டில் இருந்தால் எனக்கு வசதிதான், நேரத்துக்குச் சோறு கிடைக்கும். ஆனால் வகுப்பறையைக் கழித்துவிட்டால் அம்மாவில் எவ்வளவு மிஞ்சும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தக் கணக்கும் எனக்குச் சரிவரவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அம்மாவை ஏற்றிவர மோட்டார் சைக்கிளில் போனேன். கடிதம் அம்மாவின் கைப்பையில் இருந்தது. அதிபர் பெற்றோர் சிலரோடு கதைத்துக்கொண்டிருந்ததால், காத்திருக்கிற நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு அலுமாரியில் இருந்த தன் பொருட்களை எடுக்கப் போனார். நானும் பின்னால் போய்ப் பிள்ளைகள் இருக்கிற வாங்கில் இருந்தேன். பெரிய மரக் கவராயம், ஒரு மீற்றர் அடிமட்டம், என் குழாய்த் துண்டு, எல்லாம் வெளியே வந்தன. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"உந்தப் பலகை என்னதான் செய்யுது? ஒருக்காச் சொல்லும் பாப்பம்."

"சொன்னால் திருத்துவியளோ? இது பம்ப் இல்லை."

"பம்பைக் கொண்டு வாற ஆக்களிட்டையும் நான் முதல் இதைத்தான் கேக்கிறது. சத்தம் ஒரே இடத்திலை நிக்குதோ, இல்லாட்டி ஓடித் திரியுதோ? ஓடித் திரிஞ்சால் உள்ளுக்கை பிழை. ஒரே இடத்திலை நிண்டால் வெளியிலை என்னவோ முட்டுது."

அம்மா அடிமட்டத்தோடு அப்படியே நின்றார். பிறகு போய்ப் போர்டைப் போட்டார். வலப்பக்கத்திலிருந்து ஒரு கோடு கீறினார், அது விலகி ஓடியது. அது போய் நின்ற இடத்தில் சின்னக் கடதாசித் துண்டு ஒன்றை ஒட்டினார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கீழேயிருந்து ஒரு கோடு கீறினார். அதுவும் கடதாசிக்கே ஓடியது. மேலேயிருந்து ஒன்று. அதுவும் அங்கேதான்.

"இடம் மாறேல்லை" என்றார். குரல் மாறியிருந்தது. கஷ்டமான கணக்கு ஒன்றின் நுனி கையில் அகப்பட்டால் அம்மாவின் முகம் எப்படி வருமென்று உங்களுக்குத் தெரியும். அந்த முகத்தை நான் பல கிழமைக்குப் பிறகு கண்டேன்.

"ஒரு புள்ளி எண்டால் அதுக்கு இரண்டு எண் வேணும். குறுக்காலை எவ்வளவு, நெடுக்காலை எவ்வளவு. இந்தப் புள்ளி தானா வருதெண்டால் அந்த இரண்டும் எங்கையோ இருந்துதான் வரவேணும்." எனக்குச் சொன்னாரோ தனக்குச் சொன்னாரோ தெரியாது. அடிமட்டத்தைக் கடதாசித் துண்டிலிருந்து குறுக்காக, வாசல் பக்கச் சட்டம் வரைக்கும் பிடித்தார். பிறகு அதே துண்டிலிருந்து நேர் மேலே பிடித்தார். மேல் சட்டத்தை எட்டிப் பார்த்தார்.

"இஞ்சை ஒருக்கா வாங்கோப்பா."

போனேன். அடிமட்டம் மேலே போய் முட்டிய இடத்தில், சட்டத்தின் சரி நடுவில், ஒரு சந்தனப் பொட்டு. குறுக்கே பிடித்தபோது முட்டிய இடத்திலும் ஒரு சந்தனப் பொட்டு. இரண்டும் சட்டத்தின் உள்விளிம்பு வரை வழிந்து காய்ந்திருந்தன.

"இது ஆர் வைச்சது?"

"சாமிக்கு வைச்சது" என்றேன்.

"அது தெரியுது. ஆர் வைச்சது எண்டு கேக்கிறன்."

பிள்ளைகளே, நான்தான். ஆயுதபூசைக்குக் கடையில் ஒவ்வொரு பம்புக்கும் நெற்றியில் வைப்பதுபோல வைத்தேன். கண்ணாடியில் கை படக்கூடாது என்ற அதிபரின் சட்டத்தை மதித்து, மிகக் கவனமாகக் கறுப்புச் சட்டத்தில், மேலே நடுவில் ஒன்றும், வாசலால் வருகிறவர்கள் காணட்டுமென்று அந்தப் பக்கம் ஒன்றும், நல்ல தாராளமாகப் பெருவிரலால் அழுத்தி வைத்தேன். பூசையில் வைத்த பொட்டை எங்களில் ஒருவரும் துடைப்பதில்லை. அது காய்ந்து தானாக உதிர வேண்டும். என் கடை ஸ்பனர்களில் போன வருடத்துப் பொட்டு இன்னும் இருக்கிறது. ஆகவே இந்த இரண்டு பொட்டையும் அதிபர் கண்டார், அம்மா கண்டார், நாற்பது பிள்ளைகள் கண்டார்கள். ஒருவருக்கும் அது ஊத்தையாகத் தெரியவில்லை.

பக்கத்து அறையில் நின்ற கொம்பியூட்டர் ரீச்சரை அம்மா கூப்பிட்டார். அவர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். அந்தச் சட்டத்துக்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுமாம். விரல் வைத்தால் இரண்டு கோடு மறைபடும், அதை வைத்துத்தான் விரல் எங்கே என்று போர்ட் அறியுமாம். என் சந்தனம் எப்போதும் குறுக்கே ஒன்றையும் நெடுக்கே ஒன்றையும் மறைத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அந்தத் தம்பி புதிதாக ஏற்றியதும் போர்ட் அதைக் கொஞ்ச நேரம் கணக்கில் எடுக்காமல் விட்டிருக்குமாம்.

"ஐயோ அக்கா, நான் ஒவ்வொரு நாளும் இதைப் பாத்தனான். தொட்டுக் கும்பிட்டும் இருக்கிறன்!" என்றார் அந்தப் பிள்ளை. "அந்தத் தம்பியும் கண்ணிலை ஒத்தினவனெல்லோ" என்று அம்மா சொல்ல, இருவரும் வாங்கில் இருந்து சிரிக்கத் தொடங்கினார்கள். நான் மட்டும் சிரிக்க வழி தெரியாமல் நின்றேன்.

"வைச்ச ஆளே எடுக்கட்டும்" என்றார் அம்மா.

சட்டைப்பையில் இருந்த கைலேஞ்சியை நனைத்துத் துடைத்தேன். பூசைச் சந்தனத்தைக் கால்படுகிற இடத்தில் உதற மனம் வரவில்லை. கரைந்து வந்ததை எடுத்து என் நெற்றியிலே பூசிக்கொண்டேன். அந்தக் கோலத்தில் நிற்கும்போதுதான் அதிபர் உள்ளே வந்தார்.

"என்ன அண்ணை, கோயிலாலையோ வாறியள்?"

அம்மா போர்டில் ஒரு நேர்கோடு கீறினார். அது போன வழியே போய் நின்றது. ஒரு எட்டு எழுதினார். வால் இல்லாத எட்டு. அதிபர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கதை முழுவதும் கேட்டு முடிந்தபின், "அப்ப நாங்கள் எல்லாரும் சும்மா உங்களைச் சொல்லிப்போட்டம், ரீச்சர்" என்றார். அதை அவர் சொன்னது எனக்குப் பெரிய நிம்மதி. பிறகு, "எனக்கு என்னவோ தரவேணுமெண்டு நிண்டியளாம்?" என்று கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கைப்பை மேசையில்தான் இருந்தது.

"தாறதுக்கில்லை சேர், சொல்ல நிண்டனான்" என்றார் அம்மா. "அவை வாற அண்டு பாடத்தை நானே எடுக்கிறன்."

அந்தப் பாடத்தைப் பற்றிக் கொம்பியூட்டர் ரீச்சர் எனக்குச் சொன்னார். வந்த அதிகாரிகள் பின் வாங்கில் இருக்க, அம்மா புதிதாக இரண்டு துளி சந்தனத்தைத் தானே சட்டத்தில் வைத்து, போர்டைக் குழப்பிவிட்டு, "பிள்ளையள், இதுக்கு ஆரோ பொட்டு வைச்சிட்டினம். தொடாமல் கண்டுபிடியுங்கோ" என்றாராம். ஆள்கூறு என்ற பாடம் அது. ஒரு புள்ளியின் இடத்தை இரண்டு எண்ணால் சொல்வது. பிள்ளைகள் ஆளுக்கொரு அடிமட்டத்தோடு எழும்பி வந்துவிட்டார்களாம். அதிகாரி ஒருவரும் கதிரையை விட்டு எழுந்து வந்தாராம். உருளை விரிக்கிற காணொளியைவிட இது சத்தமான பாடமாய்ப் போனது, பக்கத்து வகுப்பிலிருந்து முறைப்பாடு வந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் அம்மா தெல்லிப்பழைக்குப் போகிறார். வேறு வேறு பள்ளிக்கூடத்து மூத்த ஆசிரியர்களுக்குப் போர்டில் பழக்குகிற வகுப்பை, அந்த அதிகாரிகள் கேட்டு, அம்மா எடுக்கிறார். ஏற்றிப் போவதும் காத்திருப்பதும் என் பொறுப்பு. கடையைச் சனி முற்பகல் பூட்டுகிறேன் என்று பம்ப் கொண்டு வருகிற தோட்டக்காரர்களுக்குக் குறைதான், ஆனால் சமாளிக்கிறேன்.

போன கிழமை யன்னல் ஓரம் நின்று உள்ளே பார்த்தேன். அம்மாவைவிட மூத்த விஞ்ஞான மாஸ்ரர் ஒருவர் போர்டுக்கு முன்னால் நின்றார். எழுதிய எழுத்து வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு விரல் செத்துப்போச்சு, ரீச்சர். எங்களை விடுங்கோ."

"விரலைப் பிறகு பாப்பம், மாஸ்ரர்" என்றார் அம்மா. "எங்கை பிழைக்குது எண்டு முதல் காட்டுங்கோ. திரும்ப எழுதுங்கோ, நான் பாக்கிறன்."

மாஸ்ரர் கையை அவிழ்த்தார். மற்றவர்களும் கதிரைகளை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டிய வகுப்பு ஒரு மணியாகியும் முடியவில்லை. நான் முன்னுக்கிருந்த தேத்தண்ணீர்க் கடையில் போய் இன்னொரு பிளேன்ரீக்குச் சொன்னேன்.